விலை பேசலாம்

எழுது என்றான் எபேர்:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு.
ஸ்டேஷன் வேகன். பக்கமெல்லாம் நிஜ மரம்.
நாடு முழுக்க இரண்டே இரண்டுதான்.
கொஞ்சம் அன்பு காட்டினால் ஓடும்.

எழுதினேன்.
மாத்தேவுக்குத் தண்ணீர் சுடவைக்க அவன் போனதும்
கடைசி வரியை அடித்துவிட்டுத்
தரை இல்லை என்று எழுதினேன்.

தரை இல்லை.
ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தால்
காலுக்கடியில் புல்.
இடது பின்கதவு இருபத்திரண்டு வருஷமாகத் திறக்கவில்லை.
மரத்தில் வண்டு; தட்டினால் மாவு கொட்டும்,
என் சல்லடைக்கு வராத நைசு.
கார்பரேட்டர் பிஸ்கட் டப்பாவில், டப்பா கட்டிலுக்கடியில்.
கூரைக் கம்பியில் ஓர்னேரோ குருவி
மண் குழைத்துக் கட்டிய கூடு.
குருவி காலி செய்துவிட்டது, வீடு வண்டியோடு சேர்த்தி.
பின் இருக்கை சிவப்புக் கோழியினுடையது.
அதை எழுதவில்லை.

ஃபோன் வந்தது.
ரேடியோ பாடுமா என்றார் ஒருவர்.
கல்யாணப் படம் எடுக்க ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்குமா என்றாள் ஒருத்தி,
தள்ளிக்கொண்டு போகவும் ஆள் இருக்கிறதாம்.

மினாஸிலிருந்து சனிக்கிழமை வந்தார் வில்சன் தெச்சேரா.
இழுவை லாரி, முதுகுக்கு ஒரு சாக்கு,
நூலில் கட்டிய காந்தம்.
கை கொடுத்தார். அதற்குமேல் என்னிடம் பேச்சில்லை.
காந்தம் ஒட்டிய இடத்தில் ம் என்றார்.
ஒட்டாமல் விழுந்த இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை.
விழுந்துகொண்டே இருந்தது.

எபேர் வெளியே வரவில்லை.
சமையலறைத் திரை ஒருமுறை அசைந்தது.
காற்றில்லாத நாள்.

மதியத்துக்குச் சற்று முன்
வண்டிக்கடியிலிருந்து இரண்டு பூட்ஸ் பேசின:
சென்யோரா, இங்கே ஒரு தையல் இருக்கிறது.
குனிந்தேன். டார்ச் வெளிச்சத்தில்
முன் இருக்கைக்குப் பின்னால்
இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை
தடித்த வெல்டிங்.
எச்சில் தொட்டு எண்களைத் துடைத்துக் காட்டினார்.
முன்பாதி ஐம்பத்திரண்டு.
பின்பாதி ஐம்பத்து நாலு.
யாரோ, எங்கேயோ, இரண்டு விபத்தில் மிஞ்சியதை
ஒரு வண்டி ஆக்கியிருக்கிறார்கள்.

நாடு முழுக்க இரண்டே இரண்டு.
இரண்டும் எங்கள் கொட்டகையில்தான் நின்றிருக்கின்றன.

சிரிப்பு வந்தது. அடக்கத் தெரியவில்லை.
கோழி இறங்கி ஓடியது.
வில்சனும் சாக்கின்மேல் உட்கார்ந்து சிரித்தார்,
புருவமெல்லாம் துரு.
பிறகு விலையைப் பாதியாக்கினார்.
எந்தப் பாதி என்று கேட்டேன்.
அந்தக் கேள்விக்காக ஐந்நூறு பேசோ ஏற்றினார்.

சங்கிலி இழுத்தது. மரம் முனகியது. தையல் தாங்கியது.
திறக்கவே திறக்காத அந்தக் கதவு
சரிவுப் பலகையில் ஏறும்போது தானாகத் திறந்துகொண்டு
ஆடி ஆடிப் போனது, வெட்கமில்லாமல்.
அப்போதுதான் எபேர் வாசலுக்கு வந்தான்,
ஒரு காலில் மட்டும் செருப்போடு.

இரவு கேட்டேன்: உனக்குத் தெரியுமா?
ரொட்டியைப் பிய்த்தான். உப்பைத் தேடினான்.
உப்பு எதிரிலேயே இருந்தது.
வாங்கின மறுநாளே தெரியும்.
இருபத்திரண்டு வருஷமா என்கிட்ட...
பொய் சொல்லலையே சுல்மா,
ரெண்டுதான்னு சொன்னேன்.

கொட்டகையில் இப்போது வெளிறிய ஒரு செவ்வகம்,
நடுவில் எண்ணெய்க் கறை.
கோழி மூன்று நாள்
அந்தச் செவ்வகத்துக்குள்ளேயே வந்து முட்டையிட்டது,
பின் இருக்கை இருந்த பக்கமாக.

நாலாம் நாள் மொந்தேவிதேயோவிலிருந்து ஒரு குரல்:
வண்டி இருக்கிறதா?
விற்றாயிற்று என்றான் எபேர்.
ஆனால் ரிசீவரை வைக்கவில்லை.
வயர் எவ்வளவு நீளுமோ அவ்வளவு தூரம்
என்னைவிட்டு நடந்து போய்
குரலைத் தணித்துக் கேட்டான்:
ஏன், உங்களுக்குத் தெரிந்து
வேறு யாராவது விற்கிறார்களா?